லாச்சப்பலில் ஸுர்னா ஊதிய பகல்

அன்று பிற்பகல் மூன்று இருபதுக்கு நான் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தேன். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பற்றரியைக் கழற்றினால் கமராவின் மணிக்கூடு அணைந்துவிடும். புதியதைப் போட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைத் திருத்த வேண்டும். திருத்திவிட்டு நிமிர்ந்தேன். மணமகளை ஏற்றிய கார் முற்றத்து வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் மற்றக் கார்கள் ஹோர்ன் அடித்தபடி போயின. படிக்கட்டில், கசெற் பைக்குப் பக்கத்தில் இருத்தியிருந்த என் மகள் அபி அங்கே இல்லை.

அபிக்கு அப்போது நாலு வயது. இப்போது அவளே இரண்டு பிள்ளைகளின் தாய். ஆனாலும் அந்த வெறும் படிக்கட்டைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை குளிர்கிறது. அவள் ரெலிபோன் எடுக்கக் கொஞ்சம் பிந்தினாலும் நான் திரும்பத் திரும்ப அடிப்பேன். "அம்மா, வேலையில இருக்கிறன்" என்று பிரெஞ்சில் சிடுசிடுப்பாள். சிடுசிடுக்கிற குரல் கேட்டால் போதும், நான் வைத்துவிடுவேன்.

இதை எழுதச் சொன்னது, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து கலியாண வீடியோ எடுக்கிற ஓர் இளம் சோடி. பாரிசின் புறநகரான சார்செலில் நடந்த ஒரு கலியாணத்தில் சந்தித்தேன். மண்டபத்துக்குள்ளேயே ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். தாலி கட்டுவதை யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்கள் அதே நிமிடத்தில் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்ரி, நீங்கள் அந்தக் காலத்திலை துருக்கிக்காரரின்ரை கலியாணமெல்லாம் எடுத்தனீங்களாம். உங்களை ஏன் கூப்பிட்டவை?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கமரா பிடிக்கத் தெரியுமெண்டு கூப்பிடேல்லைப் பிள்ளை. பொம்பிளை எண்டு கூப்பிட்டவை."

அவள் சிரித்தாள். ஆனால் அது பகிடி இல்லை.

ஊரில் நான் கணிதம் படிப்பித்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் கணவரிடம் பாரிசுக்கு வந்தபோது என் கணிதம் யாருக்கும் தேவைப்படவில்லை. லாச்சப்பலில் இருந்து கிழக்கு ரயில் நிலையப் பக்கமாக இறங்குகிற தெருவில் ஒரு படப்பிடிப்புக் கடை இருந்தது. அங்கே அல்பத்தில் படம் ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பகுதியில் தையல் பட்டறைகள் நிறைய, அவற்றில் துருக்கியர் நிறைய. கடைக்காரர் முசியே ஆகோப், இஸ்தான்புல்லில் பிறந்த ஆர்மேனியர். துருக்கி மொழி அவருக்குத் தாய்மொழி போல. அதனால் துருக்கிக் கலியாணங்களெல்லாம் அவரிடம்தான் வரும். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கலியாணத்துக்கு முன் பெண்கள் மாத்திரம் கூடிச் செய்கிற மருதாணிச் சடங்குக்குள் ஆண் நுழைய முடியாது. வீடியோ என்ற ஒன்று வந்தபிறகு பெண்கள் அதையும் எடுத்துத் தரச் சொல்லி நச்சரித்தார்கள். ஒருநாள் ஆகோப் அல்பம் ஒட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"மதாம் யோகம், உங்கள் தோள் பலமானதா?"

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

அந்தக் காலத்துக் கமரா தனி, பதிவுப் பெட்டி தனி. பெட்டி ஒரு தோளில் தொங்கும், கமரா மற்றத் தோளில் இருக்கும், நடுவில் கேபிள். நடை பழக்குவதற்கு ஆகோப் பெட்டியின் மேல் ஒரு கண்ணாடிக் குவளையில் தேநீர் நிரப்பி வைப்பார். சிந்தாமல் கடையைச் சுற்றி வரவேண்டும். சிந்தினால் திட்டமாட்டார். குவளையைத் துடைத்து மீண்டும் நிரப்புவார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும், அதுதான் அடையாளம். "தயவுசெய்து, உங்களுக்குச் சிரமமில்லையென்றால், மதாம்" என்று தொடங்கினாரென்றால் நான் ஏதோ பெரிதாகக் கெடுத்துவிட்டேன் என்று அர்த்தம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருக்கும், தானே இஸ்திரி போட்டது. மூக்குத் துடைக்க அல்ல. கமராவுக்கு வெள்ளை எது என்று காட்ட. அதைக் காட்டாமல் எடுத்தால் மணமகள் பச்சையாக வருவாள்.

மருதாணிச் சடங்கை எடுப்பது லேசான வேலையில்லை. மணமகளை நடுவில் இருத்தி முகத்தைச் சிவப்புத் துணியால் மூடுவார்கள். பெண்கள் தட்டில் மருதாணியும் அதைச் சுற்றி எரிகிற மெழுகுவர்த்திகளுமாக அவளைச் சுற்றி வருவார்கள், பிரிவைப் பற்றிப் பாடுவார்கள். மணமகள் அழவேண்டும். அழும்வரை பாடுவார்கள். ஒரு வீட்டில் மணமகளுக்கு அடக்கமுடியாத சிரிப்பு வந்துவிட்டது. பாட்டு நீண்டுகொண்டே போனது. கடைசியில் பெரியம்மா ஒருத்தி துணிக்குள் கையை விட்டு நுள்ளினாள். ஒரு குழறல் கேட்டது, எல்லோருக்கும் நிம்மதி. பிறகு உள்ளங்கையில் மருதாணி வைக்கவேண்டும். அவள் கையை இறுக்கிப் பொத்திக்கொள்வாள். மாமியார் வந்து ஒரு பொற்காசைக் காட்டினால்தான் விரல் திறக்கும்.

"முகத்தை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் கையை எடுங்கள்" என்பார் ஆகோப்.

மெழுகுவர்த்தியை நேராக எடுத்தால் கமராவின் கண்ணில் தழும்பு விழும். அந்தத் தழும்பு ஒரு பச்சை வால்போலப் பிறகு கலியாணம் முழுக்கக் கூடவரும், மாப்பிள்ளையின் மூக்கில்கூட நிற்கும். சிவப்போ அதைவிட மோசம். அந்த நாடாவில் சிவப்பு நிற்காது, ஈரத் துணியில் சாயம்போலக் கசியும். ஆகவே விளக்கைச் சுவருக்குத் திருப்பி, மெழுகுவர்த்திகளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, ஒரு பொத்திய கைக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த விரல்கள் திறப்பதை நான் எத்தனையோ தரம் எடுத்தேன். ஒருதரமும் எனக்கு அலுக்கவில்லை.

அவர்களுடைய வழக்கங்கள் எனக்குப் பிடித்துப்போயின. பெண் பார்க்க வரும்போது பெண் மாப்பிள்ளையின் கோப்பியில் மட்டும் உப்பைக் கொட்டிக் கொடுப்பாள். அவன் முகம் சுழிக்காமல் குடிக்கவேண்டும். என் கணவரிடம் இதைச் சொன்னேன்.

"எனக்கு நீர் தந்த முதல் தேத்தண்ணியும் அப்பிடித்தானே இருந்தது," என்றார்.

"அது தெரியாமல் போட்டது."

"அதைத்தான் சொல்லுறன். அவளவை தெரிஞ்சு போடுறாளவை."

ஸுர்னாவை முதன்முதலில் கேட்ட நாளில் நான் தெருவில் நின்றுவிட்டேன். நாதஸ்வரத்தின் தம்பி அது. உயரம் குறைவு, சத்தம் குறைவில்லை. கூட வருகிற பெரிய மேளத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் தாவுல். எங்கள் தவில்தான் வழிதவறி அங்கே போய்விட்டதோ என்று நினைத்தேன்.

ஆனால் ஆகோப் கண்டிப்பாக இருந்தது ஆட்டத்தை எடுப்பதில்தான். அவர்களில் அதிகம் பேர் ஆடுவது ஹலாய். ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்துக்கொள்வார்கள். தலையில் நிற்பவர் ஒரு கைக்குட்டையைச் சுழற்றுவார், அவர் கால் சொல்கிறபடி முழு வரிசையும் போகும். வாலில் நிற்பவர்கள் சின்னவர்கள், புதியவர்கள், அன்றைக்குத்தான் பழகுகிறவர்கள். "வாலில் தொடங்கித் தலைவரை நடங்கள். வரிசையைக் குறுக்கே வெட்டாதீர்கள். வாலை விட்டுவிடாதீர்கள், தாய்மார் தேடுவது வாலில்தான்" என்பார். துருக்கியின் மேற்கே, ஏஜியன் கடற்கரையில் இருந்து வந்த முதியவர் ஒருவர் தனியாக ஆடியதைக் கண்டிருக்கிறேன். கைகளைக் கழுகுபோல் விரித்து மெல்ல வந்து, ஒரு முழங்காலை நிலத்தில் தொட்டு எழும்புவார். கருங்கடல்காரர் ஆடுவது அதற்கு எதிர்மாறு. தோளும் உடம்பும் கரையில் போட்ட மீன்போலத் துடிக்கும். ஆகோப் யாரிடமும் ஊர் கேட்கமாட்டார். கொஞ்சநேரம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஊரைச் சொல்லிவிடுவார்.

இனி அந்த நாள்.

மணமகள் எலிஃப். லாச்சப்பலில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பழைய மாடிக் கட்டிடத்தில் இருந்தார்கள். துருக்கியின் நடுப்பகுதியில், சீவாஸ் பக்கத்து ஆட்கள். மாப்பிள்ளை வீடு நகருக்கு வெளியே லா கூர்னெவில், அவர்கள் கருங்கடல் பக்கம். சனிக்கிழமை பகலில் மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்து பெண்ணைக் கூட்டிப்போவார்கள். பிறகு அங்கே மண்டபத்தில் விருந்து. எலிஃபின் மருதாணியை முதல்நாள் நான்தான் எடுத்தேன்.

அபியை வழக்கமாகப் பார்த்துக்கொள்கிறவர் மேல்மாடியில் இருந்த புதுச்சேரி அம்மா, மதாம் ஃபிலோமின். அன்று காலையில் கதவைத் தட்டினார்.

"தப்பா நினைக்காதம்மா. என் தங்கச்சி பேரனுக்கு இன்னிக்கு ஞானஸ்நானம். நான் போகலன்னா ஏழு வருஷத்துக்குப் பேசமாட்டா."

"பரவாயில்லை, நான் கூட்டிக்கொண்டு போறன்."

"மொட்டத் தலைக்குக் குல்லா போட்டு அனுப்பு. காத்து அடிக்குது."

ஓம், மொட்டைத் தலை. அந்தக் கோடையில் அபிக்குக் கொப்பளிப்பான் போட்டுக் காய்ச்சல் இறங்காமல் கிடந்தாள். எங்களுக்குக் கலியாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அம்மனுக்கு முடி கொடுக்கிறேன் என்று நேர்ந்தேன். கோயிலுக்குக் கொண்டுபோக வசதியில்லை, கணவரே குளியலறையில் வைத்து மழித்தார். காது இன்னும் குத்தவில்லை. ஊருக்குப் போய்த் தாய்மாமன் மடியில் இருத்தித்தான் குத்துவதென்று வைத்திருந்தோம். அவளுக்குக் கால்சட்டையும் நீலக் கோட்டும் போட்டுக் குல்லாவும் வைத்துக் கூட்டிப்போனேன்.

ஆகோப் அவளை அன்றுதான் முதலில் பார்த்தார். ஒரு கல்கண்டை எடுத்துக் கொடுத்து, "ஓலும், ஓலும்" என்று கன்னத்தைத் தட்டினார். ஏதோ செல்லப் பேச்சென்று நினைத்தேன்.

வீட்டுக்குள் எலிஃபுக்கு இடுப்பில் சிவப்பு நாடா கட்டுகிற சடங்கு. வெள்ளைக் கவுணின்மேல் அண்ணன் யூசுப் நாடாவைச் சுற்றினான், அவிழ்த்தான். மறுபடி சுற்றினான், அவிழ்த்தான். மூன்றாம் தரம்தான் முடிச்சுப் போட்டான். எங்கள் கலியாணத்தில் மூன்று முடிச்சு. இவர்களுக்கு இரண்டு தரம் விட்டுப்பார்க்க மனம் இருக்கிறது. முடிச்சு விழும்போது தாய் ஹதிஜே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கமராவை அவருடைய முதுகுக்கு நேரே பிடித்திருந்தேன். அது எனக்கே பிடித்த காட்சி.

பிறகு முற்றத்தில் ஸுர்னா. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் கலந்து ஒரே ஹலாய் வரிசை. கட்டிடக் காவல்காரி யன்னலில் வந்து முதலில் காதைப் பொத்தினாள், கொஞ்சநேரத்தில் யன்னல் விளிம்பில் விரலால் தாளம் போட்டாள். அபி படிக்கட்டில் இருந்து, யாரோ கொடுத்த இனிப்பைத் தின்றுகொண்டிருந்தாள். "இஞ்சையே இரு, என்ன?" என்றேன். தலையை ஆட்டினாள். நான் வாலில் தொடங்கித் தலைவரை நடந்தேன். கமராவுக்குள் பார்க்கும்போது ஒரு கண்தான் உலகம், அதுவும் தீப்பெட்டி அளவு, கறுப்பு வெள்ளை. எலிஃப் காரில் ஏறினாள். பற்றரி தீரப்போகிறதென்று கமராவில் சிவப்பு விளக்கு மினுங்கியது. பற்றரி மாற்றினேன்.

முதலில் நான் பயப்படவில்லை. படிக்கட்டில் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். கழிவறைக் கதவைத் தட்டினேன். பிறகுதான் குரல் என்னிடம் இருந்து தானாக வந்தது. எனக்குத் தெரிந்த துருக்கிச் சொற்களில் ஒன்று 'கிஸ்'. பெண்பிள்ளை என்று அர்த்தம், மகள் என்றும் அர்த்தம். மருதாணி வீடுகளில் தாய்மார் எல்லோரும் 'கிஸிம், கிஸிம்' என்று, என் மகளே என்று அழுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியது.

"கிஸிம்! கிஸிம்!" என்று முற்றத்தில் நின்று கத்தினேன்.

பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் சொன்னதை எனக்கு வரும் பேச்சில் எழுதுகிறேன், ஆகோப்தான் பிரெஞ்சில் சொன்னார்.

"உங்கடை பெட்டையோ? இஞ்சை உங்கடை பெட்டையைக் காணேல்லையே."

"படியிலை இருந்தவள்!"

"படியிலை பெட்டை ஒருத்தரும் இருக்கேல்லையம்மா."

அவர்கள் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. பத்து அடி தூரத்தில் இனிப்புத் தின்றுகொண்டிருந்த பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லையா? ஒரு பெண் முற்றத்தில் நின்ற சிறுமிகளையெல்லாம் பிடித்து வரிசையாக நிறுத்திக் காட்டினாள். இதுவா? இதுவா? ஒன்றும் என் பிள்ளை இல்லை.

தெருவுக்கு ஓடினேன். மூலையில் ஒரு தமிழ்க் கடை அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்தது. கடைக்காரர் வாசலில் நின்றார்.

"அண்ணை, இந்தப் பக்கம் ஒரு பெட்டைப் பிள்ளை... நாலு வயது... தனிய..."

"இல்லைத் தங்கச்சி. நான் மேளச் சத்தத்துக்கு வாசலிலைதான் நிக்கிறன். பெட்டைப் பிள்ளை ஒண்டும் வரேல்லை. ஆற்றை பிள்ளை?"

"என்ரை."

அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு என்னோடு மெத்ரோப் பாலம்வரை ஓடிவந்தார். மேலே ரயில் போனது. கீழே கார்கள் நிற்காமல் போயின. ஒவ்வொரு காருக்கும் கீழே குனிந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. "பொலிசுக்குச் சொல்லுவம்" என்றார் அவர். "ஓம்" என்றேன். ஆனால் கால் முற்றத்துக்குத்தான் திரும்பியது. பிள்ளை வந்து படியில் இருந்தால்?

படி வெறுமையாகவே இருந்தது. அந்தப் பைக்குப் பக்கத்தில் ஆகோப் நின்றார்.

"கடைசியாக எப்போது கண்டீர்கள், மதாம்?"

யோசித்தேன். ஆட்டம் தொடங்கியபிறகு கண்டதாக நினைவில்லை. நான் பார்த்ததெல்லாம் கமராவுக்குள்தான். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளில் இருந்து பெட்டியை மெல்லக் கழற்றிப் படியில் வைத்தார். நாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டு, கமராவின் கண்ணில் என் முகத்தைச் சேர்த்துப் பிடித்தார். பின்னோக்கி ஆடுகிற ஹலாய், பின்னோக்கி நடக்கிற மாப்பிள்ளை. வால் வந்தது. நிறுத்தினார்.

அங்கே நின்றாள் அபி. வரிசையின் கடைசியில், தலையில் குல்லா இல்லாமல், தலைத்துணி கட்டிய ஒரு பெண்ணின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு. காலைத் தப்புத் தப்பாக வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண் குனிந்து அவள் மொட்டைத் தலையைத் தடவினாள், தூக்கி இடுப்பில் வைத்தாள், வாசல் பக்கம் நடந்தாள். அதோடு என் கமரா மேளக்காரனிடம் போய்விட்டது.

"இதுதான்! இதுதான் என் மகள்!"

ஆகோப் கமராவை வாங்கிக் கண்ணை வைத்தார். நாடாவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்.

"மதாம்," என்றார் கடைசியில், "இது பெண்பிள்ளையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் இருந்து அவர் கூப்பிட்ட 'ஓலும்' என்பதற்கு 'மகனே' என்று அர்த்தம். காலையில் இருந்து அந்த முற்றத்தில் எல்லோரும் ஒரு சின்னப் பெடியனைத்தான் கண்டார்கள். நான் பெட்டையைக் கேட்டேன், அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். என் கண்ணுக்கு அவள் மொட்டையடித்த பிள்ளையாகவே தெரியவில்லை. பின்னலோடு இருந்த அபிதான் எனக்கு அபி.

"அந்தப் பெண் யார்?" என்று கேட்டேன். முதுகுதான் தெரிந்தது. தலைத்துணியின் நிறத்தை வைத்துச் சொல்லலாமென்றால் கமராவுக்குள் எல்லாத் துணியும் சாம்பல்தான். ஆகோப் நாடாவை முன்னும் பின்னும் ஓட்டினார். ஓட்டி ஓட்டி, மாற்றிய பற்றரியும் இறங்கி விளக்கு மறுபடி மினுங்கத் தொடங்கியது.

"எல்லோரும் நிலத்தை மிதித்து ஆடுகிறார்கள், இவளுக்கு மட்டும் தோள் நிற்கவில்லை. பாருங்கள். கருங்கடல்காரி. மாப்பிள்ளை பக்கம்."

சுற்றி நின்ற பெண்களிடம் அதைத் துருக்கியில் சொன்னார். ஹதிஜே நெற்றியில் கையால் அடித்தார். மாப்பிள்ளையின் அத்தை அது. மணமகள் புது வீட்டுக்குள் கால் வைத்ததும் அவள் மடியில் ஓர் ஆண்பிள்ளையை இருத்துவது வழக்கம், முதல் குழந்தை ஆணாகப் பிறக்கவேண்டும் என்று. அதற்கென்று வைத்திருந்த பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டதாக அத்தை காலையில் இருந்து புலம்பிக்கொண்டிருந்தாளாம். கலியாண வீட்டில் நிற்கிற பிள்ளையை யாரிடம் கேட்பது? எல்லாம் எங்கள் பிள்ளைதானே. தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அது தெரிந்தபிறகும் என் நெஞ்சு இறங்கவில்லை. தெரிந்ததெல்லாம் ஒரு ஊகம்தானே, தோள் ஆடியதை வைத்துச் சொன்னது. லா கூர்னெவ் வீட்டில் ரெலிபோன் இல்லை. கீழே ஒரு கபே இருந்தது, ஆகோப் அங்கே அடித்தார். கார்கள் இன்னும் வரவில்லை என்றான் கபேக்காரன். மணமகள் ஊர்வலம் வந்த வழியே திரும்பாது, சுற்றிச் சுற்றி ஹோர்ன் அடித்துக்கொண்டுதான் போகும். யூசுப் ஒரு காரை எடுத்துக்கொண்டு பறந்தான். நானும் ஏறப்போனேன். ஹதிஜே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்கள் இஞ்சை நிக்கவேணும். பிள்ளை இஞ்சை வந்தால் ஆரைத் தேடும்?"

கடைக்கார அண்ணை தெருமுனையில் காவல் நிற்கிறேன் என்று போனார். "அரை மணித்தியாலம் பாருங்கோ தங்கச்சி. அதுக்குப் பிறகு நானே பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

ஹதிஜே என்னை மேலே தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பெண்ணை அனுப்பிவைத்த வீடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அதுவரை நான் எடுத்த கலியாணங்களில் கமரா எப்போதும் மணமகளோடு போய்விடும். கதிரைகள் தாறுமாறாகக் கிடந்தன. தட்டில் பாதி கடித்த இனிப்புகள். கட்டிலில் எலிஃப் கழற்றிப் போட்ட கம்பளிச் சட்டை. பெண்ணின் தாய் ஊர்வலத்தோடு போவதில்லை, அது அவர்கள் வழக்கம். ஹதிஜே எனக்குத் தேநீர் ஊற்றிவிட்டு என் எதிரில் இருந்தார். அவருக்குப் பிரெஞ்சு வராது, எனக்குத் துருக்கி வராது. ஆகோப் வாசல் நிலையில் சாய்ந்து, தன் வெள்ளைக் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றார். அதை அவர் கசக்கி நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஹதிஜே என் மார்பைச் சுட்டினார். "உன்ரை பெட்டை." பிறகு தன் மார்பைச் சுட்டினார். "என்ரை பெட்டை." கையை யன்னல் பக்கம் வீசினார். இரண்டும் போய்விட்டன என்று. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவர் அழத் தொடங்கினார், நானும் அழுதேன். எத்தனையோ மருதாணி வீடுகளில் அழுகிற தாய்மாருக்கு விளக்கைச் சரிசெய்து கொடுத்தவள் நான். அழுகை நல்லாய் விழுந்தது என்று ஆகோப்பிடம் சொல்லிச் சந்தோசப்பட்டவள். அந்தத் தேநீர் தொடாமலே ஆறிப்போனது.

ஆகோப் மறுபடி ரெலிபோன் அடித்துவிட்டு வந்தார். "வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கார் வந்த உடனேயே திரும்பிப் போய்விட்டதாம். ஏன் என்று கபேக்காரனுக்குத் தெரியவில்லை."

"பிள்ளை?"

"கூட்டமாம். அவனுக்குத் தெரியவில்லை, மதாம்."

நான் எழும்பிக் கோட்டை எடுத்தேன். பொலிசுக்குப் போவதென்று முடிவு. அப்போது கீழே ஹோர்ன் சத்தம் கேட்டது. யன்னலுக்கு ஓடினோம். ரிப்பன் கட்டிய மணமகள் கார் முற்றத்துக்குள் வந்து நின்றது. பின் கதவு திறந்தது. வெள்ளைக் கவுண் தெரிந்தது, சிவப்பு நாடா தெரிந்தது. எலிஃப் இறங்கினாள்.

ஹதிஜே போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. புகுந்த வீட்டுக்குப் போன பெண் அதே நாளில் தாய்வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். மாடி மாடியாக யன்னல்கள் திறந்தன. ஹதிஜே செருப்பில்லாமல் படியில் இறங்கினார். நான் அவருக்குப் பின்னால் இறங்கினேன். கடைசிப் படிக்கு வந்தபிறகுதான் கண்டேன். எலிஃபின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, முகத்தை வெள்ளைத் துணிக்குள் புதைத்தபடி ஒரு மொட்டைத் தலை.

"அபி!" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

மற்றப் பக்கக் கதவால் மாப்பிள்ளையின் தாய் இறங்கினார். பருத்த மனுசி, மூச்சு வாங்கியது, தலைத்துணி நழுவியிருந்தது. ஹதிஜேயின் முகத்தைப் பார்த்தார், மேலே திறந்த யன்னல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முழு முற்றத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஏன் சம்பந்தி குழறுறீங்கள்? உங்கடை பெட்டையைத் திருப்பித் தர நான் வரேல்லை. பெடியன் எண்டு நினைச்சு இவவின்ரை பெட்டையைத் தூக்கிக்கொண்டு போட்டம், யூசுப் வந்து சொல்லித்தான் தெரியும், அதைத் தரத்தான் வந்தனான். அது உங்கடை பெட்டையின்ரை கழுத்தை விட்டால்தானே!"